விலையேற்றும் கை

குத்தாலிங்கம் போலீசில் சேர்ந்து பதினாறு வருஷமாகியிருந்தது. அதில் லத்தி பிடித்த நாள் கொஞ்சம். பென்சில் பிடித்த நாள்தான் அதிகம். தமிழ்ச் சுருக்கெழுத்தில் அவர் தேர்ந்தவர். தென்காசி வட்டாரத்தில் எந்தக் கட்சி கூட்டம் போட்டாலும் மேடைக்குக் கீழே ஒரு ஸ்டூலும் சின்ன மேஜையும் அவருக்கென்று கிடக்கும். சீவின பென்சில் நாலு, கோடு போட்ட நோட்டு ஒன்று. பேசுகிறவர் தும்மினால்கூட ஏட்டையா எழுதிவிடுவார் என்று ஊரில் கேலி பண்ணுவார்கள். எழுதியதை மறுநாள் காலையில் முழுத் தமிழில் விரித்தெழுதி, கையெழுத்துப் போட்டு இன்ஸ்பெக்டரிடம் கொடுக்கவேண்டும். பேச்சில் ஏடாகூடமாக ஏதாவது இருந்தால் அந்தக் காகிதம் கோர்ட்டுக்குப் போகும். இல்லாவிட்டால் பீரோவுக்குப் போகும்.

அவர் எழுதிய பேச்சில் பாதிக்குமேல் ஒரே ஆளுடையது. கடையம் பால்வண்ணநாதன், ஊருக்கெல்லாம் அண்ணாச்சி. ஒரு தடவை எம்.எல்.ஏ.வாக இருந்து, அடுத்த தடவை தோற்றுப்போனவர். பாட்டன் வைத்துவிட்டுப் போன வயலில் முக்கால்வாசியைக் கட்சிக்கும் தேர்தலுக்கும் தின்னக்கொடுத்தவர். ஒல்லியான உடம்பு, ஆனால் குரல் வெண்கலம். அவர் எங்கே மூச்சு வாங்குவார், எந்த வார்த்தைக்கு முன்னால் ஒரு கணம் நிறுத்திக் கூட்டத்தைப் பார்ப்பார், எதற்குக் கைதட்டு விழும் என்பதெல்லாம் எட்டு வருஷமாகக் கீழே உட்கார்ந்து எழுதிய குத்தாலிங்கத்துக்கு அத்துப்படி. பேச்சுக்கு நடுவிலேயே அண்ணாச்சி குனிந்து, "ஏட்டையா, பென்சில் தேஞ்சிட்டா? நான் தண்ணி குடிச்சுக்கிடுதேன், நீரு சீவிக்கிடும்" என்பார். கூட்டம் சிரிக்கும். குத்தாலிங்கம் அதையும் எழுதிக்கொள்வார்.

ஐம்பத்தொன்பதாம் வருஷம் ஆனி மாதக் கடைசியில் நூல்விலை ஏறியது. ஒரு வருஷத்துக்குள் அது மூன்றாவது ஏற்றம். மில்காரர்கள் சங்கமாகக் கூடிப் பேசி, எல்லா மில்லும் ஒரே நாளில் ஒரே விலையைச் சொன்னார்கள். கடையநல்லூரிலும் புளியங்குடியிலும் தறிச்சத்தம் பாதியாகக் குறைந்தது. வாங்குகிற விலைக்கு நூல் வாங்கி நெய்தால், விற்கிற விலைக்குச் சேலை நஷ்டம். நெய்யாவிட்டால் சட்டி காயும். ஜனங்கள் என்ன செய்வதென்று தெரியாமல் இருந்த அந்தச் சமயத்தில்தான் மில்காரர் சங்கம் தன் வருஷாந்திரக் கூட்டத்தைக் குற்றாலத்தில் வைத்தது. நல்ல சீசன். ஐந்தருவி போகிற ரோட்டில் ஒரு பெரிய பங்களா எடுத்து, பகலில் பேச்சும் காலையிலும் மாலையிலும் அருவியில் குளியலுமாக நாலு நாள்.

விடுவாரா பால்வண்ணநாதன்? "அவங்க குளிக்கிற இடத்துலயே நாமும் போய் நிப்போம்" என்று நோட்டீஸ் அடித்தார். மறுநாள் குற்றாலத்தில், பஸ் நிற்கும் இடத்துக்குப் பக்கத்து மைதானத்தில் மேடை போட்டாயிற்று. சாயங்காலம் நாலு மணிக்குக் கூட்டம். நெசவாளிகள் கடையநல்லூரிலிருந்து நடந்தே வந்திருந்தார்கள். குளிக்க வந்தவர்கள், எண்ணெய் தேய்த்துவிடுகிற ஆட்கள், பழக்கடைக்காரர்கள் என்று ஒரு மூவாயிரம் பேர் சாரலில் நின்றார்கள்.

குத்தாலிங்கத்துக்கு அன்றைக்கு ஆரம்பத்திலிருந்தே ஒன்றும் சரியாக அமையவில்லை. மேஜைக்கு மேலே கட்டியிருந்த தென்னங்கீற்று ஒழுகியது. சாரல் எந்தப் பக்கமிருந்து அடிக்கிறது என்றே தெரியாமல் சுற்றிச் சுற்றி அடித்தது. நோட்டை மடியில் வைத்து, இடது கையால் மறைத்துக்கொண்டு எழுதினார்.

"தாய்மார்களே, பெரியோர்களே!" என்று தொடங்கினார் அண்ணாச்சி. "இந்தக் குற்றாலத்திலே தண்ணீர் மேலேயிருந்து கீழே விழுகிறது. அதுதான் இயற்கை. இந்த மில்காரர்களுடைய விலை மட்டும் கீழேயிருந்து மேலே விழுகிறது! தண்ணீருக்குத் தெரிந்த நியாயம்கூட இவர்களுக்குத் தெரியவில்லை!"

கூட்டம் ஆர்ப்பரித்தது. அவர் கையமர்த்தினார்.

"ஏன் ஐயா ஏற்றினாய் என்று கேட்டால், பஞ்சுவிலை ஏறிவிட்டது என்கிறார்கள். நான் கணக்குப் பார்த்தேன். பஞ்சு ஏறினது ஒரு பங்கு. நூல் ஏறினது நாலு பங்கு. நடுவிலே இருக்கிற மூன்று பங்கிலே யார் உட்கார்ந்திருக்கிறார்கள்? பங்களா வாசலிலே போய்ப் பாருங்கள். காரிலே உட்கார்ந்திருக்கிறார்கள்!"

இப்படியே போயிற்று. நூல் விட்டுப் பார்க்கிறார்கள், நெசவாளி எங்கே அறுவான் என்று பார்க்கிறார்கள் என்றார். நூல் அறுந்தால் முடிச்சுப் போடத் தெரியும் எங்களுக்கு; வயிறு அறுந்தால் எதைக்கொண்டு முடிச்சுப் போடுவது என்றார். அந்த இடத்தில் முன்வரிசையில் இருந்த பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். குத்தாலிங்கத்தின் கை நிற்கவில்லை.

முடிக்கப்போகிறார் என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது. முடிக்கும் முன்னால் அண்ணாச்சி குரலைத் தாழ்த்துவார். பிறகு ஒரே ஏற்றமாக ஏற்றுவார். அன்றைக்கும் அப்படித்தான். வலது கையை உயரத் தூக்கிக்கொண்டு, "விலையேற்றும் கையை..." என்றார். அந்தச் சமயம் பார்த்து மேலே கட்டியிருந்த கீற்றில் தேங்கிய தண்ணீர் மொத்தமாக நோட்டின்மேல் கொட்டியது. குத்தாலிங்கம் முழங்கையால் துடைத்தார். அதற்குள் கைதட்டு எழுந்துவிட்டது. அடுத்த வார்த்தையின் கோட்டை மட்டும் எப்படியோ போட்டார். "வினைவிதைத்த வேரைப் பறிப்போம்!" என்றது மட்டும் தெளிவாகக் கேட்டது. கூட்டம் முடிந்தது.

அரைமணி நேரத்தில் ஒரு சங்கடம் நடந்தது. பங்களாவிலிருந்து ஒரு கறுப்புக் கார் வந்தது. மில்காரர் ஒருவர் ரயிலுக்குப் போகிறார். கலைந்துகொண்டிருந்த கூட்டம் ரோட்டை அடைத்து நின்றது. யாரோ பானெட்டில் தட்டினார்கள். டிரைவர் இறங்கி, கதவுப் பக்கமாக நின்று, வழிவிடச் சொல்லிக் கும்பிட்டிருக்கிறான். தள்ளுமுள்ளில் யாரோ கதவை அறைந்து சாத்த, அவனுடைய வலது கை இடையில் அகப்பட்டு, மணிக்கட்டுக்கு மேலே இரண்டு எலும்பும் முறிந்துவிட்டது. அவன் பேர் மசூது. குத்தாலிங்கம் நோட்டைச் சட்டைக்குள் சொருகிக்கொண்டு ஓடி வருவதற்குள் அவனை ஜட்கா வண்டியில் ஏற்றித் தென்காசி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

மறுநாள் காலையில் குத்தாலிங்கம் விரித்தெழுதினார். பத்தொன்பது பக்கம். கடைசிப் பக்கத்தில் ஒரு வார்த்தைக்கு இடம் காலியாக விட்டிருந்தார். இன்ஸ்பெக்டர் படித்துக்கொண்டே வந்து அங்கே நிறுத்தினார். அவர் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். வந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது.

"இது என்னய்யா, பல் விழுந்த மாதிரி?"

"சரியா கேக்கலை சார். மழை, கைதட்டு. கோடு மட்டும் போட்டிருக்கேன். உயிர்க்குறி போடலை."

சுருக்கெழுத்தில் மெய்யெழுத்துக்குத்தான் கோடு. உயிருக்கு அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில் ஒரு புள்ளியோ சின்னக் கீற்றோ போடவேண்டும். வேகத்தில் அதை விட்டுவிட்டு, இடம் பார்த்துப் பிறகு படித்துக்கொள்வார்கள். அன்றைக்கு அவர் போட்டிருந்த கோடு மறிப்போம் என்றாலும் அதே கோடுதான். முறிப்போம் என்றாலும் அதே கோடுதான். விலையேற்றும் கையை மறிப்போம் என்றால் தடுப்போம் என்று அர்த்தம். சட்டம் ஒன்றும் சொல்லாது. முறிப்போம் என்றால் ஜெயில். அடுத்த வரியில் வரும் பறிப்போம் என்ற வார்த்தைக்கு இரண்டுமே எதுகை.

குத்தாலிங்கம் இதைச் சொல்லிமுடித்ததும் இன்ஸ்பெக்டர் சிரித்தார். "யோவ், தண்ணியை மறிப்பான், ஆட்டை மறிப்பான். கையை எவனாவது மறிப்பானா? முறிக்கத்தான் செய்வான். ஒருத்தனுக்குக் கை முறிஞ்சு கெடக்கு. அப்போ வாய் என்ன சொல்லியிருக்கும்?"

"உறுதியாச் சொல்லமுடியாதே சார்."

"மேலேயிருந்து மூணு தடவை போன் வந்துட்டுது. இடத்தைக் காலியா விட்டு நான் காகிதம் அனுப்பமுடியாது. எழுது. நோட்டிலேயும் அந்தக் கீற்றைப் போட்டுடு."

இன்ஸ்பெக்டர் சொன்னதில் நியாயம் இருப்பதுபோலத்தான் அந்த நிமிஷத்தில் பட்டது. கையை மறிப்பது என்று யார் சொல்வார்கள்? முறிப்போம் என்று அண்ணாச்சி முழங்கியது காதில் கேட்டமாதிரியே இருந்தது. குத்தாலிங்கம் பென்சிலை எடுத்து நோட்டில் ஒரு சின்னக் கீற்றுப் போட்டார். எறும்புக் கால் அளவு. காலியிடத்தில் முறிப்போம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அன்று சாயங்காலமே பால்வண்ணநாதனைக் கைது பண்ணினார்கள். கலவரத்தைத் தூண்டியதாகவும், கொடுங்காயத்துக்குக் காரணமாக இருந்ததாகவும் கேஸ். நாலு நாள் கழித்து ஜாமீனில் விட்டார்கள்.

கீற்றைப் போட்ட நாளிலிருந்து குத்தாலிங்கத்துக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஸ்டேஷனில் உட்கார்ந்தால் வீட்டுக்குப் போகவேண்டும்போல இருக்கும். வீட்டுக்கு வந்தால் கோயில் வாசல்வரை நடந்துவிட்டு வருவார். குளிக்கும்போது மறிப்போம் என்று கேட்கும். சட்டையை மாட்டும்போது முறிப்போம் என்று கேட்கும். ரோட்டில் ஒருவன் மாட்டை அதட்டினால் அதிலும் அந்த வார்த்தைதான். உதடு அசைய அசைய நடந்தார். எதிரே வந்த சப்-ரிஜிஸ்திரார் ஆபீஸ் குமாஸ்தா, "என்ன ஏட்டையா, மந்திரம் ஜெபிக்குதீரா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

"என்னங்க, சோத்துல கைய வச்சிட்டு எங்க பாத்துக்கிட்டு இருக்கிய?" என்றாள் மனைவி செண்பகவல்லி. "ரெண்டு நாளா ரசத்துக்கு உப்புப் போடலை. அதுகூடத் தெரியலையா உங்களுக்கு?"

குத்தாலிங்கம் அவளிடம் சொன்னார். முழுக்கச் சொன்னார்.

"நீங்க என்னதான் கேட்டிய?"

"அதுதான் செண்பகம் தெரியல. தெரிஞ்சா நான் ஏன் அலையுதேன்? போட்டப்போ தெரிஞ்சமாதிரி இருந்துச்சு. போட்ட பொறகு தெரியல."

"அப்போ தெரியலன்னு எழுதியிருக்கணும்."

"தெரியலன்னு எழுத இடமில்லையே."

அவள் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை என்று அவருக்கு இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை குத்தாலிங்கம் பஸ் ஏறிக் குற்றாலம் போனார். கூட்டம் நடந்த மைதானத்தில் மேடை பிரித்தாயிற்று. மூங்கில் நட்ட குழிகளில் தண்ணீர் நின்றது. தன் ஸ்டூல் கிடந்த இடத்தைத் தேடிக் கண்டுபிடித்து அங்கே குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். மேலே பார்த்தார். கண்ணை மூடினார். அந்தக் குரலை எப்படியாவது திரும்பக் கூப்பிட்டுவிட வேண்டும் என்று பார்த்தார். "விலையேற்றும் கையை..." என்கிறவரைக்கும் வந்தது. அதற்கப்புறம் தண்ணீர்ச் சத்தம்தான். ஒரு பழக்கடைக்காரன் அவரை ஒருமாதிரியாகப் பார்த்தான். எழுந்து மெயினருவிப் பக்கம் நடந்தார்.

பாலத்துக்கு இந்தப்புறம் எண்ணெய் தேய்த்துக்கொள்கிற கல்வரிசையில், கோவணத்தோடு, தலையெல்லாம் எண்ணெய் வழிய உட்கார்ந்திருந்தார் பால்வண்ணநாதன். ஜாமீன் நிபந்தனைப்படி தாலுகாவை விட்டுப் போகக்கூடாது என்பதால் சிநேகிதர் ஒருவர் லாட்ஜில் தங்கியிருந்தார். தேய்க்கிற ஆள் அவர் முதுகில் படார் படாரென்று அறைந்துகொண்டிருந்தான். குத்தாலிங்கம் வந்த வழியே திரும்பிவிடப் பார்த்தார். அண்ணாச்சி கண்டுவிட்டார்.

"ஏட்டையா! ஏன் ஓடுதீரு? நான் இப்போ பேசப்போறதில்ல, பென்சில் வேண்டாம். இங்கன வந்து உக்காரும்."

குத்தாலிங்கம் போனார், உட்காரவில்லை. சாட்சி குற்றம் சாட்டப்பட்டவரோடு பேசக்கூடாது என்பது இருவருக்கும் தெரியும். ஆனாலும் அவரால் தாங்கமுடியவில்லை.

"அண்ணாச்சி, ஒண்ணே ஒண்ணு கேக்கணும். அன்னைக்கு நீங்க என்ன சொன்னிய?"

பால்வண்ணநாதன் தேய்க்கிறவன் கையைப் பிடித்து நிறுத்தினார். கண்ணில் வழிந்த எண்ணெயைத் துடைத்துக்கொண்டு குத்தாலிங்கத்தைப் பார்த்தார்.

"என்ன வே இப்படிக் கேக்குதீரு? நீரு எழுதியிருக்கீரே."

"நீங்க சொல்லுங்க."

"எனக்கு எப்படித் தெரியும்? மேடையில ஏறிட்டா நாக்குக்கு நான் எஜமானனா? மறிப்போம்னு சொல்லணும்னு நெனச்சுக்கிட்டுத்தான் ஏறினேன். மில்காரன் முகத்தை நெனச்சதும் என்ன வந்துச்சோ. வக்கீல் சொல்லுதான், மறிப்போம்னு சாதிச்சிருவோம்னு. நான் வேண்டாம்னுட்டேன். எட்டு வருஷமா குத்தாலிங்கம் எழுதுதாரு. ஒரு அட்சரம் தப்பினதில்ல. அவரு முறிப்போம்னு எழுதியிருந்தா நான் அப்படித்தான் சொல்லியிருப்பேன். சாட்சி விசாரணை முடியட்டும், குத்தத்தை ஒத்துக்கிடப்போறேன்."

"அண்ணாச்சி..."

"அந்தப் பையனுக்குக் கை போச்சுன்னு கேட்டதுலயிருந்து எனக்கு உறக்கம் இல்ல. நான் வாயால சொன்னதை எவனோ கையால செஞ்சிருக்கான். நான் உள்ள போறதுதான் மரியாதை." அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு தேய்க்கிறவனிடம், "நீ அடி வே. எதுக்கு நிறுத்தினே?" என்றார். நிறுத்தச் சொன்னதே அவர்தான்.

குத்தாலிங்கம் பஸ் பிடிக்கவில்லை. தென்காசிவரைக்கும் சாரலில் நனைந்துகொண்டே நடந்தார்.

ஆடி மாதம் மூன்றாவது வாரம் கேஸ் விசாரணைக்கு வந்தது. கோர்ட்டு வாசலில் நெசவாளிகள் கூட்டம். முதல் சாட்சி குத்தாலிங்கம். அரசாங்க வக்கீல் நோட்டை அவர் கையில் கொடுத்து, "இது நீங்கள் எழுதியதுதானே? கடைசிப் பக்கத்தைப் படியுங்கள்" என்றார்.

குத்தாலிங்கம் படித்தார். நூல் அறுந்தால் முடிச்சுப் போடுகிறது, வயிறு அறுந்தால் போடமுடியாதது எல்லாம் அவருடைய தட்டையான குரலில் வந்தது. ஆனாலும் பின்வரிசையில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். "விலையேற்றும் கையை" என்று படித்துவிட்டு நிறுத்தினார்.

"ம். அடுத்த வார்த்தை?"

"அடுத்த வார்த்தை எனக்குத் தெரியாது ஐயா."

வக்கீல் கண்ணாடியைக் கழற்றினார். "குறிப்பில் இருக்கிறதே. முறிப்போம் என்று விரித்தெழுதிக் கையெழுத்தும் போட்டிருக்கிறீர்களே."

"கோடு கூட்டத்தில் போட்டது ஐயா. பக்கத்தில் இருக்கிற கீற்று கூட்டத்தில் போட்டது இல்லை. மறுநாள் காலையில் போட்டது. கீற்று இல்லாவிட்டால் அதை மறிப்போம் என்றும் படிக்கலாம், முறிப்போம் என்றும் படிக்கலாம். மழையிலும் கைதட்டிலும் எனக்கு அந்த வார்த்தை சரியாகக் கேட்கவில்லை."

மாஜிஸ்திரேட் முன்னால் சாய்ந்து, "கீற்றை யார் போட்டது?" என்று கேட்டார்.

"நான்தான் ஐயா."

"யாராவது போடச் சொன்னார்களா?"

சுவரோரம் இன்ஸ்பெக்டர் நின்றுகொண்டிருந்தார். தொப்பியைக் கையில் வைத்து அதன் விளிம்பை விரலால் சுற்றிக்கொண்டிருந்தார். குத்தாலிங்கம் அந்த விரலைப் பார்த்தார்.

"என் கைதான் ஐயா போட்டது" என்றார்.

அது பயமா, பெருந்தன்மையா, இல்லை இத்தனை பேருக்கு முன்னால் இன்னொருவர் பேரைச் சொல்லக் கூசியதா என்பது அவருக்குக் கடைசிவரை விளங்கவில்லை. பின்னால் பல தடவை நினைத்துப் பார்த்தபோது, சொல்லியிருக்கலாம் என்று ஒருநாள் தோன்றும், சொல்லாததே நல்லது என்று மறுநாள் தோன்றும்.

கூண்டில் நின்ற பால்வண்ணநாதன் வாயைத் திறந்தார், மூடிக்கொண்டார். அவர் பேசாமல் நின்று குத்தாலிங்கம் பார்த்தது அன்றைக்குத்தான்.

கேஸ் நிற்கவில்லை. பேச்சுக்கு வேறு சாட்சி சொன்னவர்கள், ஒருவர் மறிப்போம் என்றார், ஒருவர் முறிப்போம் என்றார், ஒருவர் நொறுக்குவோம் என்று சொன்னதாகவே சாதித்தார். கதவைச் சாத்தியது யாரென்று மசூதுக்குத் தெரியவில்லை. பால்வண்ணநாதனை விடுதலை பண்ணிவிட்டார்கள். வெளியே மாலையும் வேட்டுமாக இருந்தது. குத்தாலிங்கம் பின்வாசல் வழியாகப் போனார். அடுத்த வாரம் அவரை சஸ்பெண்ட் பண்ணி உத்தரவு வந்தது.

நாலு மாதம் அரைச் சம்பளம். செண்பகவல்லி ஒருநாளும் அதைப்பற்றி முகம் சுளிக்கவில்லை, பக்கத்து வீட்டுக்காரி ஏதோ குத்திப் பேசியபோது மட்டும், "எங்க வீட்டுல தெரியாததைத் தெரியாதுன்னு சொன்னாக. அதுக்குத்தான் இது" என்று வாசலில் நின்று உரக்கச் சொல்லிவிட்டு வந்தாள். விசாரணை முடிந்து, ஏட்டுப் பதவியைப் பிடுங்கிக்கொண்டு சாதாரணக் கான்ஸ்டபிளாகத் திரும்ப எடுத்தார்கள். சுருக்கெழுத்து வேலை கிடையாது. போக்குவரத்தைப் பார்க்கச் சொன்னார்கள்.

இதற்கிடையில் சர்க்கார் மில்காரர்களைக் கூப்பிட்டுப் பேசி, ஏற்றின விலையில் பாதியைக் குறைக்கவைத்தது. பால்வண்ணநாதன் பேச்சுதான் காரணம் என்று அவர் கட்சிக்காரர்கள் சொன்னார்கள். பஞ்சுவிலை இறங்கியதுதான் காரணம் என்று மில்காரர்கள் சொன்னார்கள். எப்படியோ தறிகள் மறுபடி ஓடின. அண்ணாச்சி வெற்றிக்கூட்டம் எதிலும் பேசவில்லை. தொண்டைக் கட்டு என்று சொல்லிவிட்டார்.

தை மாதம் ஒருநாள் காலையில் அவர் குத்தாலிங்கத்தின் வீட்டுக்கு வந்தார். கூட ஆள் யாரும் இல்லை. வாசலில் நின்றபடியே கேட்டார்.

"இன்னைக்கு உமக்கு லீவு தானே? எங்கூட வாரீரா? கடையநல்லூருக்கு."

"அங்க என்ன அண்ணாச்சி?"

"அந்த மசூதைப் பாக்கணும். ஆறு மாசமா கெளம்புதேன், பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போயிட்டுத் திரும்பிருதேன். தனியாப் போகக் கால் வரலை."

பஸ்ஸில் இரண்டுபேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். அண்ணாச்சி ஜன்னல் கம்பியைப் பிடிப்பதும் விடுவதுமாக இருந்தார். மசூது வீடு தறித்தெருவில் இருந்தது. அவனுடைய அண்ணன் துல்கர்னைன் முன்கட்டில் நெய்துகொண்டிருந்தார். வந்தவரைப் பார்த்ததும் தறியை விட்டு எழுந்து, "வாங்க அண்ணாச்சி, வாங்க" என்று பதறிப் பாயைத் தட்டிப் போட்டார். மில்காரருக்குக் கார் ஓட்டினவனின் சொந்த வீட்டிலேயே தறி இரண்டு என்பது அங்கே போன பிறகுதான் குத்தாலிங்கத்துக்குத் தெரிந்தது.

மசூது உள்ளேயிருந்து வந்தான். முப்பது வயதிருக்கும். கை கூடியிருந்தது, ஆனால் விரல்கள் முழுக்க மடங்கவில்லை. கார் வேலை போயிற்று. இப்போது அண்ணனுக்கு நூல் சுற்றிக் கொடுத்துக்கொண்டிருப்பதாகச் சொன்னான்.

பால்வண்ணநாதன் பாயில் உட்கார்ந்தார். மூவாயிரம் பேரைக் கட்டிப்போட்ட மனிதருக்கு ஒரு வார்த்தை வரவில்லை. துண்டை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார். தறியைப் பார்த்தார். "வந்து..." என்றார். மறுபடி கழுத்தைத் துடைத்தார். குத்தாலிங்கத்துக்குப் பார்க்கச் சகிக்கவில்லை.

"தம்பி, அண்ணாச்சி அன்னைக்குப் பேசுனதைப் பத்தி..." என்று அவர்தான் ஆரம்பித்தார்.

"நானும் கேட்டேனே" என்றான் மசூது.

இருவரும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"மொதலாளி குளிக்கப் போயிருந்தாரு. நான் காரைப் பூட்டிட்டு வந்து கூட்டத்துல நின்னேன். எங்க அண்ணனும் முன்னால நின்னாக. அந்தக் காருல உக்காந்திருக்கான்னு சொன்னிய பாருங்க, நான்தான் மொதல்ல சிரிச்சேன். கடைசியில நீங்க கையைத் தூக்கினிய. அப்போ நான் தட்டுனேன் பாருங்க, கை எரியுத மட்டும் தட்டுனேன்."

"அப்போ நீ கேட்டியா?" குத்தாலிங்கத்தின் குரல் அவரை அறியாமல் உயர்ந்துவிட்டது. "கையை என்ன செய்வோம்னு சொன்னாரு?"

மசூது யோசித்தான். உண்மையாகவே யோசித்தான். பிறகு தலையை ஆட்டினான்.

"நான்தான் தட்டிக்கிட்டு இருந்தேனே. எனக்கு எப்படிக் கேக்கும்?"

பால்வண்ணநாதன் எட்டி அவனுடைய வலது கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டார். மடங்காத விரல்கள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. மசூதுக்குக் கூச்சமாக இருந்தது. ஆனால் கையை இழுத்துக்கொள்ளவில்லை. துல்கர்னைன் உள்ளே பார்த்து, "ஏட்டி, மூணு டீத்தண்ணி" என்றார்.

டீ வந்தது. குடித்தார்கள். எழுந்திருக்கும்போது அண்ணாச்சி, தென்காசியில் தனக்குத் தெரிந்த லாரிக் கம்பெனியில் சரக்குப் பார்க்கிற வேலை ஒன்று இருக்கிறது, விரல் மடங்காவிட்டாலும் பார்க்கலாம், நாளை மறுநாள் வந்தால் கூட்டிக்கொண்டு போகிறேன் என்று நேராகச் சொன்னார். அடுக்குமொழி எதுவும் இல்லை. மசூது, "பாக்குதேன் அண்ணாச்சி" என்றான். வருவானா மாட்டானா என்பது அந்தப் பதிலில் தெரியவில்லை.

திரும்புகிற பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது. நிற்கமுடியாமல் அண்ணாச்சி ரோட்டோரமாக நடக்கத் தொடங்கினார். குத்தாலிங்கமும் கூட நடந்தார். இரண்டு பக்கத்து வீடுகளிலும் தறி ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தில் அவருக்கு மறிப்போமும் கேட்கவில்லை, முறிப்போமும் கேட்கவில்லை.